லிப்டருக்கு இன்னும் ரெண்டு வருஷம்

பிள்ளைகளே, டிவியில் விளையாட்டுக்காரர்களை ஏலம் விடுவதை நீங்கள் மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறீர்கள். இன்னாருக்கு இத்தனை கோடி, இன்னாரைக் கழற்றி விட்டார்கள், ஒரு அணி மொத்தமாக இவ்வளவுக்கு மேல் செலவழிக்கக் கூடாதாம் என்று எனக்கே பாடம் எடுக்கிறீர்கள். "அப்பாவுக்கு இதெல்லாம் வெளங்காது" என்று சின்னவள் சொன்னது என் காதில் விழுந்தது. காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் ஒரு பெரிய ஆட்டக்காரருக்கு ஒப்பந்தத்தை நீட்டிக் கொடுத்தவன்தான். சிரிப்பதாக இருந்தால் இதை முழுவதும் படித்துவிட்டுச் சிரியுங்கள். அப்போது சிரிப்பதற்கு ஒரு காரணமாவது இருக்கும்.

இது நீங்கள் பிறப்பதற்கு முன்பு, தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். எனக்குத் தேயிலை பேக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. அதோடு தோட்டத்துக் கரப்பந்து அணிக்குச் செயலாளர். எனக்குப் பந்து ஆடத் தெரியாது. எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தேன், கையெழுத்து கொஞ்சம் உருண்டையாக இருக்கும், செயலாளர் ஆவதற்கு அது போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் மைதானம் கீழ்ப்பிரிவு லயத்து வரிசை வீடுகளுக்கும் பேக்டரிக்கும் நடுவே, மலையை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம். மூன்று பக்கம் தேயிலை, ஒரு பக்கம் சரிவு. பந்து சரிவில் விழுந்தால் பதுளைக்கே போய்விடும் என்போம். போனதில்லை, ஆனால் போய் எடுத்து வருகிறவன் பதுளைக்குப் போய் வந்த களைப்போடுதான் வருவான்.

கரப்பந்தில் ஆறு பேர் ஆடுவார்கள். அதில் ஒருவர் லிப்டர். எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிற பந்தை யாராவது எடுத்து அவருக்குக் கொடுக்க வேண்டும். அவர் அதை விரல் நுனியால் வலைக்கு மேலே தூக்கி விடுவார். அடிக்கிறவன் ஓடி வந்து எம்பி அடிப்பான். கைதட்டு அடித்தவனுக்கு. தூக்கியவரை ஒருவரும் பார்ப்பதில்லை. ஆனால் தூக்குவதில் ஒரு சாண் தப்பினால் அடிக்கிறவன் காற்றை அடித்துவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

எங்கள் லிப்டருக்கு அப்போது நாற்பது வயதுக்குக் கிட்ட. தொப்பை விழுந்திருந்தது. வலது முட்டி, நடக்கும்போது காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி சத்தம் போடும். லயத்துப் பக்கம் அவர் வருகிறாரா என்று கண்ணால் பார்க்கத் தேவையில்லை. ஆனால் அந்த விரல்கள் இருக்கின்றனவே, ஊவா மாகாணத்தில் வேறு யாருக்கும் அப்படி இல்லை என்று நாங்கள் நம்பினோம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பந்து எங்கே தூக்கினாலும் வேறெங்கோ போய் நிற்கும். அவர் மட்டும் ஒரு முறை மூக்கைச் சுருக்கிவிட்டுத் தூக்குவார், பந்து அடிக்கிறவன் கைக்கே வந்துவிடும். தூக்கிக்கொண்டே ஏசவும் செய்வார். "அடிடா, அதென்ன ஒன் மாமியார் வச்ச கொழுக்கட்டையா, பாத்துக்கிட்டு நிக்கிற" என்பார். எதிரணிக்காரர்கள் சிரித்தே பல பந்துகளை விட்டிருக்கிறார்கள்.

இனி நீங்கள் சொல்கிற அந்த உச்சவரம்பு. தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்து வாங்குகிற கூலிக்கு ஒரு பேர் என்று சொல்வோம். பாதி நாள் என்றால் அரைப் பேர். எங்கள் துரை, அதாவது தோட்ட முகாமையாளர், பந்து என்றால் உயிரை விடுகிறவர். அணிக்கு மாதம் இருபத்தைந்து பேர் ஒதுக்கியிருந்தார். அந்த அளவுக்கு ஆட்டக்காரர்கள் மலையில் வேலைக்குப் போகாமல் பயிற்சி செய்யலாம், கூலி விழும். யாருக்கு எத்தனை என்பதை நாங்களே பிரித்துக்கொள்ள வேண்டும். "இருபத்தாறுன்னு ஒரு மாசம் வந்தா, அத்தோட எல்லாம் கட்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அந்த இருபத்தைந்தில் பத்தை லிப்டர் வாங்கிக்கொண்டிருந்தார். மாதத்தில் பத்து நாள் அவர் மலைக்குப் போக வேண்டியதில்லை. மற்ற நாட்களிலும் அவருக்குக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசு பிடிப்பது, உர மூட்டைக்குக் காவல் இருப்பது போன்ற வேலைதான். கவ்வாத்து வேலைக்கு மட்டும் அவரை அனுப்புவதே இல்லை. தேயிலைச் செடியை முட்டிக்குக் கீழே குனிந்து குனிந்து கத்தியால் வெட்டிக் கட்டையாக்குகிற வேலை அது. ஒரு வெட்டு தவறினால் விரல் போய்விடும். விரல் போன லிப்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் அவருக்கு முன்னே இருந்த லிப்டர் காலத்திலிருந்தே லிப்டருக்குக் கவ்வாத்து இல்லை என்பது தோட்டத்துக்கே தெரிந்த வழக்கம். இந்த ஆளுக்கு இப்போது விரலைவிட முட்டிதான் பெரிய ஆபத்து. அந்த முட்டியோடு செங்குத்தான மலையில் நாள் முழுக்கக் குனிந்து நின்றால் ஒரு மாதத்தில் அவரைச் சாக்கில் போட்டுத்தான் இறக்க வேண்டும்.

பிரச்சினை அடிக்கிறவனால் வந்தது. இருபத்திரண்டு வயது, எம்பினால் வலைக்கு மேலே அவன் இடுப்பு தெரியும் என்பார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான். பக்கத்துத் தோட்டத்தார் அவனை இரகசியமாகக் கூப்பிட்டு, எட்டுப் பேரும் பேக்டரி வேலையும் தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். இங்கே அவனுக்கு மூன்று பேர்தான். ஏழு பேராவது கொடுக்காவிட்டால் போய்விடுவேன் என்றான். நான்கு பேர் கூட்டிக் கொடுக்க வேண்டும். அந்த நான்கை யாரிடமிருந்து பிடுங்குவது என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

அணியின் கூட்டம் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் நடந்தது. பாதிப் பேர் துண்டோடு, பாதிப் பேர் சோப்பு நுரையோடு. லிப்டரைக் கூப்பிடவில்லை. அணிக்குத் தலைவர் எங்கள் பிரிவுக் கங்காணி. அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"லிப்டர மாத்திட்டா என்னடா?"

"மாத்துங்க," என்றான் அடிக்கிறவன்.

"மாத்திட்டா அவரு எங்க போவாரு?" என்று நான் கேட்டேன்.

"எங்க போவாரு, மலைக்குத்தான். கவ்வாத்துக்கு. நாங்க போகலியா?"

"அந்த முட்டிய வச்சுக்கிட்டா?"

"முட்டிய பேக்டரியில குடுத்து வச்சிட்டுப் போகட்டும். நீங்கதான இருக்கீங்க பாத்துக்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்துவிட்டுத்தான் கேட்டேன், "அவரு போயிட்டா ஒனக்கு யாரு தூக்குவா?"

 போன வாரம் லிப்டருக்குக் காய்ச்சல் என்று வேறொருவன் தூக்கினான். பந்து நேராக அடிக்கிறவனின் பின்மண்டையில் விழுந்தது. அவன் இப்போது பின்மண்டையைத் தடவிக்கொண்டான்.

"சரி," என்றார் கங்காணி. "ரெண்டு வருஷம் நீட்டிக் குடுப்போம். அதுக்குள்ள யாராவது கத்துக்குவானுங்க. ஆனா பத்துப் பேரு முடியாது. ஆறுக்கு மேல ஒரு அரைப் பேரு கூட இல்ல. யாரு போயி சொல்றது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எட்டாம் வகுப்பு படித்ததற்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக வருத்தப்பட்டேன்.

பெரிய விஷயம் பேசப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்று கங்காணி சொல்லிவிட்டார். பண்டாரவளைக்குப் போன ஒருவனிடம் சொல்லி வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பிஸ்கட் பாக்கெட் எல்லாம் வாங்கித் தட்டில் வைத்து, நானும் அவருமாக மாலையில் லிப்டர் வீட்டுக்குப் போனோம். லயத்தில் வாசலுக்கு வாசல் தலைகள் நீண்டன.

"யாருக்குப் பொண்ணு கேட்டுப் போறீங்க?" என்று ஒரு அக்கா கேட்டார். "அவங்க மகளுக்கு பத்து வயசுதான் ஆகுது."

"மகளுக்கு இல்ல, அவரையேதான் கேட்டுப் போறோம்," என்றார் கங்காணி.

அவர் சொன்ன மாதிரியே ஆயிற்று. லிப்டர் கதவோரம் ஒரு பலகையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்தால் பெண் இருக்கிற மாதிரி. பேச்சு முழுவதும் அவர் மனைவியோடுதான். கொழுந்து எடுப்பதில் தோட்டத்திலேயே கை வேகம் உள்ளவர், வாயும் அதே வேகம். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, நக்கிக் குடிக்க எங்கள் உள்ளங்கையில் சீனியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"சொல்லுங்க தம்பி. பழத்தட்டோட வந்திருக்கீங்க. நல்ல சேதியா இருக்காது."

"இல்லக்கா. அண்ணனுக்கு இன்னும் ரெண்டு வருஷம்னு முடிவு பண்ணியிருக்கோம்."

"ரெண்டு வருஷமா? என்ன குத்தம் செஞ்சாரு?"

"வொலிபோலுக்குக்கா. ஆனா பேரு கொஞ்சம் கொறையும்."

"எத்தன?"

நான் வழி முழுவதும் மனதில் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். நாலில் தொடங்கி ஆறில் நிற்க வேண்டும். "நாலு," என்றேன்.

அவர் புருஷன் பக்கம் திரும்பினார். "இந்தாங்க, ஒங்கள பாதி வெலைக்குக் கூட கேக்கல."

லிப்டர் தரையைப் பார்த்தபடியே, "வாழப்பழம் நல்ல பழமா இருக்கு," என்றார்.

"அடிக்கிற பையனுக்கு எத்தன?" என்று அவர் மனைவி என்னைக் கேட்டார்.

"ஏழு."

"அவன் எம்பி எம்பி அடிக்கிறானே, அந்தப் பந்து வானத்துலருந்தா வருது?"

"அஞ்சு வச்சுக்கலாம்," என்றேன்.

"பத்து வருஷமா முட்டி தேய்ஞ்சது ஒங்க அஞ்சுக்கா?"

"ஆறு. அதுக்கு மேல சத்தியமா முடியாதுக்கா. தொரை இருபத்தஞ்சுக்கு மேல ஒரு பேரு எழுத விடமாட்டாரு."

அவர் பெருவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு என்னவோ கூட்டினார். பிறகு சொன்னது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

"ஆறு வேணாம் தம்பி. அஞ்சே குடுங்க."

கங்காணிக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது.

"ஆனா ஒண்ணு," என்றார். "அந்த அஞ்சையும் ஞாயித்துக்கெழமையும் பௌர்ணமிப் போயா நாளும் பாத்து எழுதணும். மேட்ச்சு அன்னைக்குத்தான இருக்கு. மத்த நாளெல்லாம் அவரு வேலைக்கு வரட்டும். பத்து நாளு வீட்டுல இருந்து என் உசுர எடுக்கிறாரு. சமைக்கிற எடத்துல தேங்காய மேல போட்டுப் புடிச்சிக்கிட்டிருக்காரு. போன மாசம் ரெண்டு கீழ விழுந்துச்சு."

நியாயமான ஆசை என்று எனக்குத் தோன்றியது. ஆறு கொடுக்க வந்த இடத்தில் ஐந்தில் முடிகிறது, ஒரு பேர் மிச்சம். என் வாழ்க்கையில் இப்படி ஒரு பேரம் நான் முடித்ததில்லை. மனம் மாறிவிடப் போகிறார் என்று அவசர அவசரமாகத் தாளை எடுத்தேன். கீழே கார்பன் வைத்து, "இத்தால் சம்மதித்துக்கொள்வது யாதெனில்" என்று தொடங்கி, உருண்டை எழுத்தில் ஒரு பக்கம் எழுதினேன். திகதி, மாதம், எத்தனை பேர், எந்தெந்த நாள், இரண்டு வருஷம், எல்லாம் எழுதினேன்.

கையெழுத்துப் போடும்போது லிப்டர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, கவ்வாத்து?"

"அத போயி எழுதணுமாண்ணே? லிப்டருக்கு கவ்வாத்து இல்லன்னு பச்சப் புள்ளைக்கும் தெரியும்."

அவர் கையெழுத்துப் போட்டார். கங்காணியும் போட்டார். வரும் வழியில் கங்காணி என் முதுகில் தட்டி, ஒனக்குள்ள ஒரு வக்கீல் இருக்கான்டா என்றார். அடிக்கிறவனுக்கு ஏழு கிடைத்தது, அவன் போகவில்லை. மிச்சமான அந்த ஒரு பேரை யாருக்குக் கொடுப்பது என்று பீலியடியில் மூன்று நாள் அடித்துக்கொண்டோம்.

மாதம் முடிந்து சம்பளக் கணக்குப் பார்க்கிற நேரத்தில், ஆபீஸில் இருந்த பெரிய கிளாக்கர் ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். சிரிக்கவே மாட்டார். அன்றைக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். 

"இஞ்ச வாரும் காணும். இந்த ஒப்பந்தம் எழுதினது நீரோ?"

"ஆமாங்க ஐயா."

"நல்ல எழுத்து. ஞாயிற்றுக்கிழமையில விழுகிற பேருக்கு என்ன சம்பளம் எண்டு தெரியுமே?"

"தெரியுங்க. ஒன்றர..."

அந்தச் சொல்லின் நடுவிலேயே நின்றுவிட்டேன். ஞாயிறு, போயா விடுமுறை நாட்களில் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி. தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்த வீட்டில் நான் பேரை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன், லிப்டரின் மனைவி காசை எண்ணியிருக்கிறார்.

கிளாக்கர் விரலை மடக்கினார். "உம்மட ஆள் முந்தி பத்து நாள் படுத்திருந்து பேர் எடுத்தார். மாத முடிவில மற்ற ஆக்களுக்கு வாறதுதான் அவருக்கும் வந்தது. இப்ப கிழமை முழுக்க வேலைக்கு வாறார். அதுக்கு மேல போயாவோட அஞ்சு ஞாயிறு, ஒன்றரைப்படி. இந்த மாதம் தோட்டத்திலேயே கூடச் சம்பளம் எடுத்த தொழிலாளி அவர்தான். நீர் அவரிட்டக் குறைக்கத்தானே போனனீர்?"

"தொரை பாத்தாருங்களா?"

"பாத்துக்கொண்டிருக்கிறார். உம்மைக் கூப்பிடச் சொன்னதும் அவர்தான்."

துரை மேசைக்குப் பின்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காலடியில் நாய். மேசைமேல் என்னுடைய உருண்டை எழுத்து.

"இருபத்தஞ்சுக்கு மேலே போகலே?" என்று கேட்டார்.

"இல்லீங்க தொரை. இருபத்தஞ்சேதாங்க."

"யாரு யோசனை இது?"

"அவரு சம்சாரங்க."

அவர் சிரித்தார். நாயும் எழுந்து வாலை ஆட்டியது. நான் பிழைத்தேன் என்று நினைத்தேன்.

"நான் பேர் கணக்குதான் சொன்னேன், காசுக் கணக்கு சொல்லலே. அவ சரியாப் புடிச்சிட்டா. அஞ்சு ஞாயிறு குடுக்கிறேன், ரெண்டு வருஷமும் குடுப்பேன். ஆனா திங்கள்லே இருந்து சனி வரைக்கும் அவன் என் ஆளு. முழுநாள் ஆளு. மழை விட்டாச்சு, மேல் மலை கவ்வாத்துக்கு ஆள் பத்தலே. நாளைக்கு அனுப்பு."

"தொரைங்களே, லிப்டருக்கு கவ்வாத்து இல்லீங்களே. அது எப்பவும் உள்ள வழக்கங்க."

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். "எங்கே இருக்கு? படி."

நான் எழுதியதை நானே அவர் முன்னால் நின்று மேலிருந்து கீழே வரை படித்தேன். திகதி இருந்தது. "யாதெனில்" இருந்தது. ஒரு மனுஷனைக் காப்பாற்ற எந்த ஒரு வரிக்காக அந்தப் பேச்சே தொடங்கியதோ, அது மட்டும் இல்லை.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்தேன்.

"எட்டாம் வகுப்போட நிறுத்துனது தப்பு," என்றார் உங்கள் அம்மா. "மூணாம் வகுப்போட நிறுத்தியிருந்தா எழுதவே தெரிஞ்சிருக்காது. அவரு தப்பிச்சிருப்பாரு."

கொழுந்து நிறுத்துவிட்டு வந்த லிப்டரின் மனைவியை வழியில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கூடையை இறக்கி வைத்தார். 

"நான் காசப் பாத்தேன்," என்றார். "நீங்க கத்தியப் பாத்திருக்கணும் தம்பி. ரெண்டு பேரும் ஒண்ணையே பாத்துட்டோம்."

"நான் ஒண்ணையும் பாக்கலக்கா."

"அந்த ஞாயித்துக்கெழமையெல்லாம் தொரைக்கே திருப்பிக் குடுத்துடறேன்னு சொல்லுங்க. எனக்கு அது வேணாம். அந்த மலையில அவரால நிக்க முடியாது. ராத்திரியில முட்டிக்கு ஒத்தடம் குடுக்கிறது நான்தான், எனக்குத் தெரியாதா?"

திரும்பவும் துரையைப் பார்க்க அவர் பங்களாவுக்கு ஏறினேன். துரை வாசலில் நின்றே சொல்லி அனுப்பிவிட்டார். ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டாச்சு, ரெண்டு வருஷம் ரெண்டு வருஷந்தான். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று முன்பே எழுதியிருக்கிறேன். அந்தக் குணத்தால் எங்களுக்குப் பல நன்மை நடந்திருக்கிறது. அன்றைக்கு மட்டும் நடக்கவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டில் எல்லோரும் வரிசையாக நிற்க, கங்காணி ஆட்களை வேலைக்குப் பிரித்தார். கவ்வாத்துக்குப் பேர்களைக் கூப்பிட்டு வந்தவர், லிப்டர் முறை வந்ததும் கோயிலில் அர்ச்சனை சொல்கிற மாதிரி முணுமுணுத்தார். துரை பின்னாலேயே நின்றிருந்தார்.

"சத்தமா," என்றார்.

கங்காணி சத்தமாகக் கூப்பிட்டார். லிப்டர் முன்னால் வந்தார், சுள்ளி முறிகிற சத்தத்தோடு. அவரிடம் கவ்வாத்துக் கத்தி கிடையாது, இரவல் வாங்கி வந்திருந்தார். அதை அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால், கத்தி அவரை வெட்டப் போகிறதா அவர் செடியை வெட்டப் போகிறாரா என்று சந்தேகமாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அடிக்கிறவன்கூடச் சிரிக்கவில்லை.

எனக்கு மாடியில் இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானம் வேலையில் கொஞ்ச நேரம் விட்டுக் கேட்டுக்கொண்டு மேல் மலைக்கு ஏறினேன். கவ்வாத்து கணக்கு வேலை. ஒரு பேருக்கு இத்தனை செடி என்று நிரையைக் காட்டிவிடுவார்கள், முடித்தவன் நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம். இளம் பையன்கள் அப்போதே முடித்துக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். லிப்டர் தன் நிரையில் கால்வாசிகூடத் தாண்டவில்லை. நின்று வெட்ட முடியாமல் மண்ணில் உட்கார்ந்து, ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் பின்புறத்தாலேயே நகர்ந்து போய்க்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அடிக்கிறவன் தன் கத்தியோடு எழுந்தான். வீட்டுக்குப் போகிற பாதையில் இரண்டு அடி வைத்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் லிப்டரின் நிரைக்கு வந்து மறுமுனையிலிருந்து வெட்டத் தொடங்கினான்.

"ஒன் வேலையப் பாருடா," என்றார் லிப்டர்.

"என் வேலையத்தான் பாக்கிறேன். ஒங்க முட்டி போச்சுன்னா ஞாயித்துக்கெழம எனக்கு யாரு தூக்குவா? இவனா?" என்று, போன தடவை பின்மண்டையில் போட்டவனைக் காட்டினான்.

காட்டப்பட்டவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவனும் கத்தியோடு இறங்கினான். பிறகு மற்றவர்களும். ஐந்து பேர் ஒரு நிரையில் விழுந்தால் செடி தாங்குமா? லிப்டருக்குப் பொறுக்கவில்லை. ஒரு கல்லில் ஏறி உட்கார்ந்து மைதானத்தில் ஏசுகிற மாதிரியே ஏசத் தொடங்கினார்.

"சரிச்சு வெட்டு. அது தேயில, ஒன் மாமனார் தலையில்ல."

"கத்தியப் புடிக்கத் தெரியாதவரு கத்துக் குடுக்கிறாரு," என்றான் ஒருவன்.

"ஒனக்குப் பந்து புடிக்கத் தெரியுமா, நான் தூக்கிக் குடுக்கல?"

கங்காணி இதையெல்லாம் தடுக்க வேண்டியவர். அவர் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு கண்ணாடி மாத்தணும்டா," என்றார் என்னிடம். "கிட்டத்துல நடக்கிறது ஒண்ணும் தெரியமாட்டேங்குது."

அப்போது நாய் குரைத்தது. பாதை வளைவில் துரை.

கத்திகள் நின்றன. துரை நிரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். கல்லில் உட்கார்ந்திருந்தவரையும் பார்த்தார். லிப்டர் எழுந்திருக்கப் பார்த்தார். முட்டி ஒரு சத்தம் போட்டதே தவிர எழுந்திருக்க விடவில்லை.

"இது யார் நிரை?"

"லிப்டரு நிரைங்க தொரை," என்றார் கங்காணி. அதற்கு மட்டும் கண் தெரிந்தது.

"வெட்டுறது யாரு?"

 அடிக்கிறவன்தான் சொன்னான். "பயிற்சிங்க தொரை. கைக்கு."

 துரை அவனைப் பார்த்தார், லிப்டரின் காலைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தத் தாளை எழுதியவன் என்பதாலோ என்னவோ.

"இதுக்கு ஒரு பேரும் கேட்டு வரக் கூடாது."

"கேக்க மாட்டோங்க."

"இருபத்தஞ்சு."

"இருபத்தஞ்சேதாங்க தொரை."

நாயைக் கூப்பிட்டுக்கொண்டு அவர் நடந்துவிட்டார். கொஞ்ச தூரம் போனதும் திரும்பாமலே, "சரிச்சு வெட்டச் சொல்லு," என்றார். லிப்டர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை.

அந்தக் கவ்வாத்து முடியும் வரைக்கும் அப்படித்தான் நடந்தது. பெரட்டில் லிப்டர் கத்தியோடு வருவார், மலையில் கல்லில் உட்காருவார், பையன்கள் ஆளுக்குக் கொஞ்சமாக அவர் நிரையைத் தங்கள் நிரையோடு சேர்த்து முடிப்பார்கள். துரையின் வரம்பு பேருக்குத்தான், செடிக்கு வரம்பு இல்லை. நீங்கள் பார்க்கிற ஏலத்தில் இந்த மாதிரிச் சம்பளம் உண்டா என்று எனக்குத் தெரியாது. இரண்டு வருஷமும் ஞாயிறு தவறாமல் அவர் ஆடினார். கோப்பை கிடைத்ததா என்று பெரியவன் கேட்பான். வெலிமடையில் ஒன்று கிடைத்தது, ஒரு பக்கத்துக் காது உடைந்த கோப்பை. முடிந்த பிறகு மூன்றாவது வருஷத்துக்கு யாரும் பேச்செடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கொழுந்துத் தராசிலேயே இருந்துவிட்டார். அதை மட்டும் அவர் மனைவி துரையிடம் நேரே போய், தானே பேசி, தானே எழுதி வாங்கிக்கொண்டார். என்னை எழுதக் கூப்பிடவில்லை.

அந்த முதல் நாளுக்கு வருகிறேன். அன்றைக்கு மாலையில் மலையில் மூட்டம் இறங்கிவிட்டது, பையன்கள் லிப்டர் நிரையின் கடைசியில் சில செடிகளை விட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள் என்று கங்காணி சொன்னார். நான் வேலை முடிந்ததும் வீட்டில் கிடந்த பழைய கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு, உங்கள் அம்மாவிடம் விறகுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியே மேலே ஏறினேன். கவ்வாத்துக் கத்தி பிடித்து வெகு காலம் ஆகியிருந்தது. முதல் செடியை இரண்டு தடவை வெட்ட வேண்டியிருந்தது. அடுத்தது பரவாயில்லை. மூட்டத்தில் அடுத்த நிரை தெரியவில்லை, என் கத்திச் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொன்றையும் சரித்து வெட்டி, வெட்டிய மிலாறுக் குச்சிகளை அந்தந்தச் செடியின் அடியில் பரப்பிவிட்டு, கத்தியைப் புல்லில் துடைத்துக்கொண்டு இறங்கினேன்.